ஒற்றைப்படைத் தோஷம்: ஒரு சாஸ்திரீய விசாரணை

ஸ்டார் டிரெக் என்னும் அமெரிக்கத் திரைப்பட வரிசையில் ஒற்றைப்படை எண்ணில் விழுந்த படங்கள் சோடை என்றும், இரட்டைப்படை எண்ணில் விழுந்தவை சிறப்பு என்றும் ஒரு சூத்திரம் மேல்நாட்டு ரஸிகர்களிடையே நெடுநாளாக வழங்கி வருகிறது. இச்சூத்திரத்துக்கு ஆசிரியர் என்று ஒருவர் இல்லை. வேதத்தைப் போல இதுவும் அபௌருஷேயம். இதை அறிந்தவர் ஒவ்வொருவரும் இன்னொருவர் சொல்லக் கேட்டே அறிந்தார், அந்த இன்னொருவரும் அப்படியே. இத்தகைய பெருமை வாய்ந்த விதியொன்று முறையான பாஷ்யம் இன்றி வெறும் வாய்ப்பேச்சாகவே கிடப்பது கல்வியுலகுக்கு ஒரு குறை என்று கருதி, பிரமாணம், பூர்வபட்சம், சித்தாந்தம் என்ற முறை வழுவாமல் அதை விசாரிக்கத் துணிந்தோம். விஷயம் அற்பமானது என்று சிலர் முகம் சுளிக்கலாம். தர்க்க சாஸ்திரத்தை வளர்த்த பெரியோர்கள் ஒரு மண்குடத்தையும் மலைமேல் எழுந்த புகையையும் வைத்துக்கொண்டே தலைமுறை தலைமுறையாக வாதம் செய்தார்கள். விண்கப்பல் மண்குடத்தைவிட அற்பமானதன்று.

முதலில் வரலாற்றைச் சுருக்கமாகக் கூறிவிடுவோம். ஜீன் ராடன்பரி படைத்த ஸ்டார் டிரெக் தொலைக்காட்சித் தொடர் 1966 செப்டம்பர் 8-ஆம் தேதி என்.பி.சி. நிறுவனத்தாரால் அமெரிக்காவில் ஒளிபரப்பத் தொடங்கப்பெற்று, 79 அத்தியாயங்கள் ஓடி, 1969-இல் ஆதரவின்றி நின்றது. நின்ற பிறகுதான் அது வளர்ந்தது. மறு ஒளிபரப்புகளில் அதைக் கண்டு மயங்கிய ஒரு தலைமுறையின் வற்புறுத்தலாலும், விண்வெளிப் படங்களுக்குத் திடீரென ஏற்பட்ட கிராக்கியாலும், பாரமவுண்ட் நிறுவனம் 1979 டிசம்பரில் முதற் படத்தை வெளியிட்டது. அன்று தொட்டு 2016 வரை பதின்மூன்று படங்கள் திரையரங்குகளுக்கு வந்தன. இரண்டு முதல் ஆறு வரையிலான படங்கள் தம் எண்ணைத் தலைப்பிலேயே தாங்கி நின்றன; ஏழாவது முதல் எண்ணிடும் வழக்கம் கைவிடப்பட்டது. சூத்திரத்தின் செய்தி தயாரிப்பாளர் செவிக்கு எட்டியிருக்கவேண்டும் என்று ஊகிக்க ஆசை பிறக்கிறது. ஆனால் எண்ணை மறைத்தால் தோஷம் மறையாது. பதின்மூன்றாம் எண் வீட்டுக்குப் ‘12-ஏ’ என்று பலகை மாட்டியவர்கள் அனுபவத்தில் கண்டறிந்த உண்மை அது.

ஒரு படம் நன்று என்பதையோ தீது என்பதையோ நாம் எந்தப் பிரமாணத்தைக் கொண்டு அறிகிறோம் என்னும் கேள்வியைத் தீர்க்காமல் மேலே செல்வது முறையன்று. வசூலைக் கொண்டு அறியலாம் என்பார் ஒரு சாரார். இவர்கள் கட்சி முதற்படியிலேயே இடறி விழுகிறது. சோடை என்று சூத்திரம் கைவிட்ட முதற் படம் உலகெங்கும் சுமார் 13 கோடியே 90 லட்சம் டாலர் ஈட்டியது. வரிசையிலேயே தலைசிறந்தது என்று கொண்டாடப்படும் இரண்டாம் படம் பத்துக் கோடியை எட்டவில்லை. இதைவிட விபரீதம் பின்னால் நேர்ந்தது. 2013-இல் வந்த பன்னிரண்டாம் படமான ‘இன்டு டார்க்னெஸ்’ சுமார் 46 கோடியே 70 லட்சம் டாலர் ஈட்டி, வேறெந்த ஸ்டார் டிரெக் படமும் எட்டாத உச்சத்தில் நின்றது. அதே ஆண்டு ஆகஸ்டில் லாஸ் வேகஸ் நகரில் கூடிய ரஸிகர் மாநாடு வாக்கெடுத்து அதற்குக் கடைசி இடத்தை வழங்கியது. பணம் கொடுத்துப் பார்த்தவர்களும் வாக்களித்துப் பழித்தவர்களும் வேறு வேறு மனிதர்கள் என்று சொல்லித் தப்புவதற்கும் இடமில்லை. பழிப்பதற்காகவே இரண்டு முறை பணம் கொடுத்துப் பார்ப்பது இந்த ரஸிகர்களின் சம்பிரதாயம் என்பதை உலகம் அறியும்.

பிரத்தியட்சமே போதும், கண்ணால் கண்டு தெளிவோம் என்பார் மற்றொரு சாரார். சூத்திரத்தைக் கேட்ட கண் வேறு, கேளாத கண் வேறு என்பதை இவர்கள் மறந்தார்கள். ‘இது ஐந்தாவது’ என்று அறிந்து இருக்கையில் அமர்ந்தவன் முதல் காட்சியிலேயே குற்றம் தேடத் தொடங்குகிறான். ‘இது ஆறாவது’ என்று அறிந்தவனோ ஒரு குற்றத்தைக் கண்டாலும், இதில் ஏதேனும் உள்ளர்த்தம் இருக்கவேண்டும் என்று பணிவோடு அதைக் கடந்துவிடுகிறான். ஆகவே ரஸிகர் பேரவையின் தீர்ப்பாகிய ஆப்தவாக்கியம் ஒன்றே எஞ்சுகிறது. அவர்கள் தீர்ப்பு நியாயமானதா என்பது நம் கேள்வியன்று. பரம்பரையாக வந்த தீர்ப்பு என்ற முறையில் அதை ஏற்றுக்கொண்டு, அதன் காரணத்தை மட்டும் ஆராய்வோம்.

அப்படி ஏற்றுக்கொண்டால், 1979 முதல் 1998 வரை வந்த ஒன்பது படங்களும் சூத்திரத்தின் ஆணைக்கு அட்சரம் பிசகாமல் அடங்கி நடந்தன என்பது தெரியவரும். காசைச் சுண்டிப் பூவா தலையா பார்ப்பதுபோல ஒவ்வொரு படமும் நல்லதாகவோ கெட்டதாகவோ விழச் சம வாய்ப்புண்டு என்று வைத்துக்கொண்டால், ஒன்பதும் இந்த ஒரு வரிசையில் விழுவதற்கு 512-இல் ஒரு பங்கு வாய்ப்பே உண்டு. கணித சாஸ்திரிகள் இதைக் கேட்டு, வரிசையை முன்னமே சொல்லிவிட்டுச் சுண்டினீர்களா, சுண்டிய பிறகு சொன்னீர்களா என்று குறுக்குக் கேள்வி கேட்பார்கள். அது நல்ல கேள்விதான். எனினும் விதி பரவிய பிறகு வந்த படங்களும் சில அதற்குக் கீழ்ப்படிந்தன என்பதைச் சொல்லி அவர்களை அமர்த்திவிட்டு மேலே செல்வோம்.

சூத்திரத்துக்கு லௌகிகமான காரணம் கற்பிப்போர் கூறுவது இது: தோல்வி பயத்தைத் தரும், பயம் சிக்கனத்தையும் அடக்கத்தையும் தரும், அடக்கம் நல்ல படத்தைத் தரும், வெற்றியோ கர்வத்தைத் தரும், கர்வம் அடுத்த படத்தைக் கெடுக்கும். இக்கட்சிக்கு ஆதாரங்கள் வலுவானவை. முதற் படத்துக்கு, கைவிடப்பட்ட ஒரு தொலைக்காட்சித் தொடரின் பழைய கடன்களும் சேர்ந்து, நாலரைக் கோடி டாலர் அளவுக்குச் செலவாயிற்று; தந்திரக் காட்சிகளை ஏற்ற ஒரு கம்பெனி நடுவில் கைவிரிக்க, வேறு நிபுணர்கள் இரவுபகலாக உழைத்து முடித்த படத்தின் பிரதியை இயக்குநர் ராபர்ட் வைஸ் தாமே கையில் எடுத்துக்கொண்டு வாஷிங்டனில் நடந்த முதற் காட்சிக்கு விரைந்தார். வசூல் குறைவில்லை, ஆயினும் செலவைக் கண்ட நிறுவனம் நடுங்கிவிட்டது. ராடன்பரியை ஆலோசகர் என்னும் கௌரவப் பதவியில் அமர்த்தி ஓரங்கட்டிவிட்டு, தொலைக்காட்சியில் பழுத்த ஹார்வ் பென்னட்டிடம் பொறுப்பை ஒப்படைத்தார்கள். அவர் 79 அத்தியாயங்களையும் ஒன்று விடாமல் உட்கார்ந்து பார்த்தார். 1967-இல் வந்த ஓர் அத்தியாயத்தில் காடுபோன்ற ஒரு கிரகத்தில் விட்டுவரப்பட்ட கான் என்னும் பகைவனைத் தேர்ந்தெடுத்தார். இயக்க வந்த நிகலஸ் மையர் ஸ்டார் டிரெக்கைப் பற்றி ஏதும் அறியாதவர், அந்த அறியாமையே அவருக்கு வரமாயிற்று. பல பிரதிகளாகச் சிதறிக் கிடந்த திரைக்கதையைப் பன்னிரண்டு நாளில், பெயர்கூடப் போட்டுக்கொள்ளாமல், ஒன்றாக்கிக் கொடுத்தார். செலவு சுமார் ஒரு கோடியே இருபது லட்சம். நாயகன் கிர்க்கின் கப்பலுக்கும் கானின் கப்பலுக்கும் மேல்தளம் ஒரே அரங்கம்தான். சாயமும் இருக்கையும் மாற்றி இரண்டாக்கினார்கள். முதற் படத்துக்கென எடுத்த சில காட்சிகளையே மறுபடியும் ஒட்டிக்கொண்டார்கள். நாயகனும் பகைவனும் படம் முழுவதிலும் ஒரு முறைகூட நேருக்கு நேர் நிற்பதில்லை; திரைவழியாகவே வைதுகொள்கிறார்கள். இத்தனை வறுமைக்குள் அமைந்த அந்தப் படம்தான் ‘தி ராத் ஆஃப் கான்’.

(கான் நூனியன் சிங் என்ற பெயர் தாங்கிய இப்பாத்திரம் வட இந்தியச் சீக்கியன் என்று மூலக்கதை சுட்டுகிறது. அவனாக நடித்தவர் மெக்ஸிகோ நாட்டு ரிக்கார்டோ மான்டல்பான். பின்னர் 2013-இல் நடித்தவர் ஆங்கிலேயரான பெனடிக்ட் கம்பர்பேட்ச். இந்தியப் பாத்திரத்துக்கு இந்தியர் கிடைக்கவில்லை போலும். அதற்கு ஈடாகவோ என்னவோ, முதற் படத்தில் வேற்றுக் கிரகத்துப் பெண்ணாக வந்தவர் 1965-இல் மிஸ் இந்தியாவாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட பம்பாய்ப் பெண்மணி பெர்ஸிஸ் கம்பாட்டா; அந்த வேஷத்துக்காகத் தம் கூந்தல் முழுவதையும் மழித்துக்கொண்டார். ஒற்றைப்படைக்கு நம் நாடு கொடுத்த காணிக்கை அது.)

கர்வத்துக்குச் சான்றாக ஐந்தாம் படத்தைக் காட்டுவார்கள். ஸ்பாக்காக நடித்த லெனர்ட் நிமாய் மூன்றாம் படத்தையும் நான்காம் படத்தையும் இயக்கிப் புகழ் பெற்றார். நிமாய்க்குக் கிட்டும் சலுகை எதுவும் தமக்கும் கிட்டவேண்டும் என்று கிர்க்காக நடித்த வில்லியம் ஷாட்னரின் ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து இருந்தது. ஷரத்து பலித்தது. ஐந்தாம் படத்தை ஷாட்னர் இயக்கினார். அவ்வாண்டின் மிக மோசமான படம், மோசமான இயக்குநர், மோசமான நடிகர் என மூன்று ராஸி விருதுகளும் அதற்கே கிடைத்தன. அதன் ஒரு காட்சியில் மூவர் கப்பலின் நடுக்குழாய் வழியே மேல்நோக்கிப் பறக்கும்போது சுவரில் தளங்களின் எண்கள் தெரிகின்றன. மேலிருந்து கீழாக எண்ணப்படவேண்டிய தளங்கள் மேலே போகப் போகக் கூடிக்கொண்டே சென்று 78 வரை எட்டுகின்றன. எண்ணோடு இத்தகைய விரோதம் பாராட்டிய ஒரு படத்தை எண் தண்டித்தது என்று சொன்னால் மறுப்பது கடினம்.

ஆயினும் இந்தப் பய-கர்வ வாதம் பூர்வபட்சமே அன்றிச் சித்தாந்தம் ஆகாது. சோடையென்ற மூன்றாவதையும் சிறப்பென்ற நான்காவதையும் இயக்கியவர் அதே நிமாய். எட்டாவதையும் ஒன்பதாவதையும் இயக்கியவர் அதே ஜானதன் ஃப்ரேக்ஸ். ஏழாவதையும் எட்டாவதையும் எழுதிய கை ரொனால்ட் மூர், பிரான்னன் பிராகா என்னும் அதே இரட்டையர் கை. ஏழாவது தோற்றதும் இல்லை. உலகெங்கும் 11 கோடி டாலருக்கு மேல் ஈட்டியது. பயப்பட ஒன்றும் இல்லாதபோதும் எட்டாவது நன்றாக அமைந்துவிட்டது. ஆகவே காரணத்தை மனிதர்களுக்கு வெளியே தேடவேண்டும்.

எண்வாதிகள் இதைக் கண்டு மகிழ்ந்திருந்த வேளையில், 2002 டிசம்பரில், பத்தாம் படமான ‘நெமிஸிஸ்’ வந்தது. இரட்டைப்படை, ஆனால் விழுந்தது. வெளியான முதல் வார இறுதியில் ஒரு காதல் படத்துக்குப் பின்னால் இரண்டாம் இடம். சுமார் ஆறு கோடி டாலர் செலவுக்கு ஆறே முக்கால் கோடி வசூல். ஏழாண்டு கழித்துப் பதினோராவது வந்தது. ஒற்றைப்படை, ஆனால் நின்றது. ஸ்டார் டிரெக் வரலாற்றிலேயே முதன்முதலாக ஓர் ஆஸ்கார் விருதையும், ஒப்பனைக்காக, வாங்கிக்கொண்டது. சாதாரணமான விதியாயிருந்தால் அன்றே செத்திருக்கும். சாஸ்திரமாகிவிட்ட விதிக்குச் சாவில்லை. விரோதமான சான்று ஒன்று கிடைத்தால் அதற்குப் புதிய உரைகாரர்கள் பிறப்பார்கள். இங்கே இரண்டு பள்ளிகள் பிறந்தன.

முதல் பள்ளியார் பாடபேத முறையைக் கைக்கொண்டார்கள். 1999-இல் ‘கேலக்ஸி குவெஸ்ட்’ என்று ஒரு படம் வந்தது. ஒரு விண்வெளித் தொடரில் நடித்து ஓய்ந்த நடிகர்களை உண்மையான விண்வீரர்கள் என்று நம்பி வேற்றுக் கிரகத்தார் அழைத்துச் செல்வதாகக் கதை. ஸ்டார் டிரெக்கின் பெயரைச் சொல்லாமல் அதையே பகடி செய்யும் படம். அதை வேறு கம்பெனி எடுத்தது, வேறு பாத்திரங்கள், வேறு கப்பல். இருந்தும் என்ன? அது பத்தாவது ஸ்டார் டிரெக் படமே என்று இப்பள்ளியார் துணிந்து சாதித்தார்கள். அப்படிக் கொண்டால் ‘நெமிஸிஸ்’ பதினோராவது ஆகி முறைப்படி கெடுகிறது. 2009-இல் வந்தது பன்னிரண்டாவது ஆகி முறைப்படி சிறக்கிறது. மேலே கண்ட லாஸ் வேகஸ் மாநாடு இந்த வேற்றுப் படத்தை வரிசைக்குள் அனுமதித்து ஏழாம் இடத்தையும் கொடுத்தது என்பது இவர்களுக்குப் பெரும் பலம். நம்மவர்க்கு இது புதிதன்று. பதினெண்கீழ்க்கணக்கில் பதினெட்டாவது நூல் கைந்நிலையா இன்னிலையா என்று நம் பண்டிதர்கள் வாதிட்டபோதும், எண்ணை நிரப்ப ஒரு நூலைத் தேடினார்களே ஒழிய, எண்ணைக் குறைக்க ஒருவரும் இசையவில்லை.

இரண்டாம் பள்ளியார் எண் சோதிடர்களின் வழியைப் பின்பற்றுவோர். ஈரிலக்க எண்ணை அப்படியே கொள்ளலாகாது, இலக்கங்களைக் கூட்டிக் கிடைக்கும் எண்ணையே கொள்ளவேண்டும் என்பது இவர்கள் மதம். பத்து என்பது ஒன்றும் சுன்னமும், கூட்டினால் ஒன்று, ஒற்றைப்படை, கெட்டது. பதினொன்று இரண்டாகிறது, நன்று. பன்னிரண்டு மூன்றாகிறது, ரஸிகர்கள் கடைசி இடம் கொடுத்தார்கள். பதின்மூன்று நான்காகிறது, 2016-இல் வந்த ‘பியாண்ட்’ படத்தை ரஸிகர்கள் மெச்சினார்கள். பெயரில் ஓர் எழுத்தைக் கூட்டியும் குறைத்தும் வாழ்வில் முன்னேறிய பலரைக் கண்டிருக்கும் நாம் இந்த முறையை எள்ளி நகையாடுவதற்கில்லை.

அதிசயம் என்னவென்றால், வேறு வேறு வாசல்களில் நுழைந்த இவ்விரு பள்ளிகளும் ஒவ்வொரு படத்துக்கும் ஒரே தீர்ப்பை வழங்குகின்றன. ஒரு படத்தை இடையில் செருகினாலும், பத்தில் தொடங்கும் இலக்கங்களைக் கூட்டினாலும், ஒற்றை இரட்டையாவதும் இரட்டை ஒற்றையாவதும் ஒன்றே. பத்தொன்பதாவது படத்தில்தான் முதன்முறையாகப் பிரிகிறார்கள்: அது ஒன்றும் ஒன்பதும் பத்தாகி, பத்து மறுபடி ஒன்றாகிக் கெடும் என்பார் ஒரு பள்ளியார், இருபதாவது ஆகிச் சிறக்கும் என்பார் மறு பள்ளியார். பதின்மூன்று படங்கள் வர முப்பத்தேழு ஆண்டுகள் ஆகியிருப்பதைப் பார்த்தால், அவர்கள் சண்டைக்கு இன்னும் அவகாசம் இருக்கிறது.

இவ்விடத்தில் ஸைமன் பெக் என்னும் ஆங்கில நடிகரின் சரித்திரத்தைக் குறிப்பிடாமல் செல்வது பிழையாகும். 1999-இல் பிரிட்டனில் தொடங்கிய ‘ஸ்பேஸ்ட்’ என்னும் தொலைக்காட்சித் தொடரில் அவர் ஏற்ற பாத்திரம், உலகில் மாறாத உண்மைகளுள் ஒன்றாக ஒற்றைப்படை ஸ்டார் டிரெக் படங்களின் இழிவை, இங்கே எழுதத்தகாத ஒரு சொல்லால் அறுதியிட்டுக் கூறுகிறது. அவரே பத்தாண்டு கழித்துப் பதினோராம் படத்தில் எஞ்ஜினீயர் ஸ்காட்டியாக நடித்தார். பதின்மூன்றாம் படத்தை எழுதியவர்களுள் ஒருவராகவும் ஆனார். இரண்டும் ஒற்றைப்படை. சாஸ்திரத்தைப் பழித்தவனை அது பழிவாங்கும் என்பது கேள்வி. சாஸ்திரத்தை நம்பியவனையும் அது விடுவதில்லை என்பதற்கு இவர் சான்று.

இனி நம் சித்தாந்தத்தைக் கூறுவோம். எண்ணைப் பார்த்தவர்கள் எண்ணுக்குள் இருந்த பொருளைப் பார்க்கவில்லை. முதற் படத்தில் பூமியை நோக்கி வரும் பிரம்மாண்டமான மேகத்துக்குள் ஓர் இயந்திரம் இருக்கிறது, மனிதர் முன்னொரு காலத்தில் அனுப்பிய வாயேஜர் 6 என்னும் விண்கலமே அது (உண்மையில் 1977-இல் அனுப்பப்பட்டவை இரண்டே, மற்றவை கதாசிரியரின் தாராளம்), தன்னைப் படைத்தவன் யார் என்று தேடிக்கொண்டு அது திரும்பி வருகிறது. மூன்றாவதில் செத்த ஸ்பாக்கின் உயிர் டாக்டர் மக்காயின் தலைக்குள் குடியிருக்க, உடல் வேறொரு கிரகத்தில் மறுபடி பிறந்து வளர, இரண்டையும் ஒன்றுசேர்க்கிறார்கள். கூடுவிட்டுக் கூடு பாய்ந்த திருமூலர் கதையைக் கேட்டு வளர்ந்த தமிழ் வாசகர் இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. ஐந்தாவதில் அண்டத்தின் நடுவே கடவுளைக் காணப் புறப்படுகிறார்கள். கண்ட கடவுள் கப்பலைக் கேட்க, கடவுளுக்குக் கப்பல் எதற்கு என்று கிர்க் கேட்கிறான். ஏழாவதில் புகுந்தவர் மீள விரும்பாத ஓர் ஆனந்தலோகம் விண்ணில் மிதந்து வருகிறது. ஒன்பதாவதில் மூப்பை ஒழிக்கும் கிரகம். படைத்தவன், மறுபிறப்பு, கடவுள், சொர்க்கம், அமுதம்! ஒற்றைப்படைப் படங்கள் ஐந்தும் ஐந்து வாசலில் நின்று வீடுபேற்றையே தட்டுகின்றன.

இரட்டைப்படையைப் பாருங்கள். இரண்டாவது பழிவாங்கல். நான்காவதில் 1986-ஆம் ஆண்டு ஸான் ஃபிரான்ஸிஸ்கோவுக்கு வந்து இரண்டு திமிங்கிலங்களை ஏற்றிச் செல்கிறார்கள். வாணிபத்துக்காகத் திமிங்கில வேட்டையாடுவதைச் சர்வதேச ஆணைக்குழு நிறுத்திவைத்த தடை நடைமுறைக்கு வந்ததும் அந்த ஆண்டை ஒட்டியே. ஆறாவது ஓர் உடன்படிக்கை: பகைவரின் சந்திரன் ஒன்று செர்னோபில் போல வெடித்துச் சிதற, பரம்பரைப் பகைவர்கள் சமாதானம் பேச வருகிறார்கள், படம் வெளியான இருபதாம் நாள் சோவியத் யூனியன் கலைந்தது. எட்டாவதில் போர், மறுபடியும் பழி. எல்லாம் அறமும் பொருளும். சந்தையும் அரசும் போர்க்களமும். உறுதிப்பொருள் நான்கு என்று நூல்கள் கூறவும் வள்ளுவர் வீட்டுக்கென்று தனியே ஒரு பால் வகுக்காதது ஏன் என்ற கேள்விக்குப் பரிமேலழகர் தந்த சமாதானத்தைத் தமிழ் படித்தவர் அறிவர்: சொல்லுக்கு எட்டாத பொருளை அடையும் வழியைக் கூறலாமே ஒழிய, அப்பொருளையே விரித்துரைக்க இயலாது. சொல்லுக்கு எட்டாததைக் காமெராவுக்கு எட்டவைக்கப் பார்த்த பாரமவுண்ட் நிறுவனத்தாருக்கு இதை எடுத்துச் சொல்ல ஆளில்லாமல் போயிற்று. ஏழாம் படத்தின் ஆனந்தலோகத்தில் கிர்க் என்ன செய்கிறான் தெரியுமா? விறகு பிளக்கிறான், முட்டை பொரிக்கிறான். பேரின்பத்தைப் படம்பிடிக்கப் போனால் முட்டையில்தான் வந்து முடியும்.

இச்சித்தாந்தத்தின் பெருமை, எண்வாதிகள் தடுமாறிய இடத்தில் இது தடுமாறாததே. பத்தாம் படத்தில் கப்டன் பிகார்ட் தன்னிலிருந்தே படியெடுத்து வளர்க்கப்பட்ட இளைஞன் ஒருவனை எதிர்ப்பட்டு, இவன் நானானால் நான் யார் என்று படம் நெடுகக் கலங்குகிறான். ஆத்ம விசாரம் அது. ஆகவே எண் இரட்டையானாலும் படம் கெட்டது. பதினோராம் படம் அத்தகைய கேள்வி ஒன்றும் கேட்பதில்லை. ஓடுகிறது, வெடிக்கிறது, வெல்கிறது. பன்னிரண்டில் செத்த கிர்க்கைக் கானின் இரத்தத்தைச் செலுத்தி எழுப்பிவிடுகிறார்கள். மிருத்யுஞ்சய முயற்சி என்று தெரிந்த மாத்திரத்தில் முடிவும் தெரிந்துவிட்டது. இரண்டாம் படத்தில் ஸ்பாக் செத்தவன் செத்தவனாகவே கிடந்தான், படம் வாழ்ந்தது. மூன்றில் அவன் பிழைத்தான், படம் சாய்ந்தது. பதின்மூன்றில் பிறர் உயிரை உறிஞ்சித் தன் ஆயுளை நீட்டும் ஒருவன் வருகிறானே என்று கேட்கலாம். அவன் வில்லன். வில்லன் வீடுபேற்றை நாடுவது தோஷமாகாது. கப்பலில் உள்ளவர்கள் நாடினால்தான் தோஷம்.

நம் சித்தாந்தத்தை ஏற்பதால் ஒற்றைப்படைகளுக்கு ஒரு நியாயமும் கிடைக்கிறது. விண்வெளிக்குப் போகிறவன் வழியில் என்ன கேட்கவேண்டும்? பகைவனைப் பழிவாங்க அத்தனை தூரம் போகவேண்டியதில்லை. அடுத்த தெருவே போதும். முதற் படத்தில் கிர்க் ஒரு சிறு ஓடத்தில் அமர்ந்து, புதுப்பிக்கப்பட்ட தன் கப்பலைச் சுற்றிச் சுற்றிவந்து பார்க்கும் காட்சி ஒன்று உண்டு. பல நிமிஷங்கள் நீளும், பேச்சில்லை, ஜெர்ரி கோல்ட்ஸ்மித்தின் இசை மட்டும் நடக்கிறது. ரஸிகர்கள் இக்காட்சியைச் சொல்லியே அப்படத்தை அசையாத படம் என்று கேலி செய்தார்கள். நம் அந்தரங்க அபிப்பிராயம், பதின்மூன்று படங்களிலும் ஆகாயம் ஆகாயமாகத் தெரிவது அதில்தான் என்பது. அப்படத்தின் இசையையே 1987-இல் தொடங்கிய அடுத்த தொலைக்காட்சித் தொடருக்கு முகப்பிசையாக வைத்துக்கொண்டார்கள். படத்தைப் பழித்தவர்கள் வாராவாரம் அதைக் கேட்டு மெய்சிலிர்த்தார்கள். அவசரத்தில் முடித்த அந்தப் படத்தை ராபர்ட் வைஸ் 2001-இல் மறுபடி வெட்டித் திருத்தி வெளியிட்டபோது, முன்பு பழித்த சிலர் மனம் மாறினார்கள். எண் ஒன்றாகவே இருந்தது. பரிகாரத்தால் தோஷம் நிவர்த்தியாகும் என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டியதில்லை.

ஒரே ஓர் இடையூறு உண்டு. அதை மறைப்பது ஆராய்ச்சியாளனுக்கு அழகன்று. 2025 ஜனவரியில் ‘செக்ஷன் 31’ என்னும் படம் மிஷெல் யோ அம்மையார் நடித்து, திரையரங்குக்கு வராமல் நேரே வீடுகளுக்கு வந்தது. ஒற்றர்களைப் பற்றிய கதை. அதில் கடவுளும் இல்லை, சொர்க்கமும் இல்லை. பேரழிவு ஆயுதம் ஒன்றுதான் உண்டு. நம் சித்தாந்தப்படி அது சிறந்திருக்கவேண்டும். சிறக்கவில்லை, ரஸிகர்கள் அதைக் கண்டித்த கண்டிப்பில் ஐந்தாம் படத்துக்கே ஆறுதல் பிறந்திருக்கும். ஆகவே, திரையரங்கைக் காணாத ஒன்று திரைப்படமாகாது, அதை வரிசையில் சேர்க்கலாகாது என்று நாம் வற்புறுத்தவேண்டியவராகிறோம். எண்வாதிகளோ இரு பள்ளியாரும் அதைச் சேர்த்தே தீரவேண்டும் என்று நிற்கிறார்கள். ஏனெனில் அது பதினான்காவது ஆனால் ஒன்றும் நான்கும் ஐந்தாகிறது. செருகலோடு எண்ணினால் பதினைந்தாவது ஆகிறது. எப்படிப் பார்த்தாலும் ஒற்றைப்படை, கெட்டதும் நியாயம். அதைவிட முக்கியம், அது அந்த இடத்தை அடைத்துக்கொண்டால்தான் அடுத்து வரும் படம் இரட்டைப்படையாகி நன்றாக அமையும். தாங்கள் மிக வெறுத்த ஒரு படத்தை வரிசைக்குள் இடம்பெறச் செய்ய அதை வெறுத்தவர்களே பாடுபடும் விசித்திரம் இதனால் ஏற்பட்டிருக்கிறது.

சமாதானமாகப் போகலாம் என்று நாம் ஓர் ஏற்பாட்டை முன்வைக்கிறோம்: அவர்கள் ‘செக்ஷன் 31’-ஐக் கைவிடட்டும், பதிலாக, வீடுபேற்றைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல் சிரிக்கவைக்கும் ‘கேலக்ஸி குவெஸ்ட்’ படத்தை நாமும் வரிசையில் ஏற்றுக்கொள்கிறோம். செருகல் பள்ளியார் முதலில் மகிழ்வார்கள்; பிறகு விரல்விட்டு எண்ணிப் பார்த்து, அப்படியானால் இனி வரும் படம் பதினைந்தாவது ஆகிவிடுமே என்று மறுப்பார்கள்.